முப்பத்தொன்பது

பினாங்குக் கிட்டங்கித் தீயில் இறந்தவர்கள் முப்பத்தொன்பது பேர்.
எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.
நானும் எழுதினேன்.
டாக்டர் லிம் சியூ ஹூன் என் இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பித் தந்தபோது
அந்த எண்ணுக்குக் கீழே பென்சில் கோடு ஒன்று.
கேள்விக்குறிகூட இல்லை.

அடிக்குறிப்புகளுக்குள் இறங்கினேன்.
கோலாலம்பூர்க் கருத்தரங்கக் கட்டுரை ஒரு நூலைக் கைகாட்டியது.
கெட்டி அட்டை, பத்தொன்பது பக்க நூற்பட்டியல்,
அது ஓர் ஆய்வேட்டைக் கைகாட்டியது.
ஆய்வேடு, நாளிதழின் ஞாயிறு மலரை.
ஞாயிறு மலர்,
ஒரு கல்லூரி ஆண்டு மலரை.

மூன்று வெள்ளி கொடுத்து நகல் எடுத்தேன்.
பக்கம் நாற்பத்திரண்டு.
அடியில்: ஜெசிமா, இரண்டாம் ஆண்டு.

நான்.

நாசி கண்டார் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்
அவருக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னது:
"அந்தத் தீயில செத்தது முப்பது நாப்பது இருக்கும் லா."
முகம் ஞாபகமில்லை. மீன்தலைக் கறி ஞாபகமிருக்கிறது.
நாற்பது என்று எழுதினால் வதந்தி மாதிரித் தெரிந்தது.
ஒன்றைக் குறைத்தேன்.
உடனே ஆராய்ச்சி ஆகிவிட்டது.

பதினெட்டு வருடம் ஊர் சுற்றி
யார் யாருக்கோ பட்டம் வாங்கிக் கொடுத்து
என் மேசைக்கே வந்து நிற்கிறது,
இத்தனை பேர் சொல்கிறார்களே என்று.
இத்தனை பேர் இல்லை. ஒருத்தி. பசியோடு.

சரி. முதலிலிருந்து.

மரண விசாரணை அறிக்கை ஏழு என்கிறது.
அந்த வாரமே எழுதியது, முத்திரை இருக்கிறது.
ஆனால் துரை எண்ணியது, பெயர் சொல்ல ஆள் வந்த சடலங்களை.
மீதிக்கு "அடையாளம் தெரியாத எச்சங்கள்" என்று ஒரு வரி.
எத்தனை பேருக்கு அந்த ஒரு "கள்"?

ஆங்கிலப் பத்திரிகை
எரிந்த மிளகுக்கும் பாக்குக்கும் மூட்டைவாரியாகக் கணக்குத் தந்தது.
ஆட்களுக்கு, "சில கூலிகள்."
தூக்கி எறியவில்லை.
மிளகு விலை எழுதும் அத்தியாயத்துக்கு
இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

முதலாளி வீட்டு வாரிசு செய்யது இபுறாகீம்
ஒலிப்பதிவில் தேம்பித் தேம்பி அழுதார்.
தீக்கு இருபது வருடம் கழித்துப் பிறந்தவர்.
அந்த அழுகை முதன்மைச் சான்றுதான்,
அழுகைக்கு. தீக்கு அல்ல.

சம்பளப் பேரேடு
லெபோ பந்தாய் வக்கீல் அலுவலகத்தில்
ஒரு சொத்து வழக்குக் கட்டுக்குள் மாட்டியிருந்தது.
அரபுத்தமிழ். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
ரஜபு பிறை பதினேழுக்குப் பிறகு
பதினோரு பெயர்களுக்கு எதிரே கூலி இல்லை.
பதினொன்று!
பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.
பேரேடு சாவைப் பற்றிப் பேசவே இல்லை.
இவர்களுக்குக் காசு கொடுக்கவில்லை என்கிறது, அவ்வளவுதான்.
ஓடியிருக்கலாம். கப்பலேறி நாகூர் போயிருக்கலாம்.
நெருப்பைப் பார்த்தவன்
மறுநாள் அதே வாசலுக்கு எதற்கு வரவேண்டும்?

பத்தொன்பது வயதுக்காரி நிறுத்தியிருப்பாள், இங்கேயே.
பக்கம் புரட்டினேன். ஷஃபான். ரமலான். ஷவ்வால்.
குமாஸ்தா ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார்.
துல்ஹஜ் பிறை மூன்று:
*கறுத்த மீரான், பற்று, வெள்ளி ஒன்று. கை மருந்து வகைக்கு.*

மீரான்.
ஐந்து மாதம் கழித்து, ஒரு வெள்ளி கடன் கேட்டு.

பதினொன்று பத்தானது.
கணக்குக் குறைந்ததற்காக
நாற்காலியைவிட்டு எழுந்து நின்றது வாழ்க்கையில் அன்றுதான்.
குமாஸ்தா பயந்துவிட்டார்.

ஃபெரியில் வரும்போது அடிக்குறிப்பை எழுதினேன்:
ஏழு பேர், அதோடு எண்ணப்படாத ஒரு பன்மை.
பேரேட்டில் திரும்பாதவர் இதுவரை பத்து; இறந்தாரா, தெரியாது.
முப்பத்தொன்பது என்பதற்குப் பார்க்க:
ஜெசிமா, ஆண்டு மலர், ப. 42. நம்பத்தக்கதல்ல.

பேரேட்டில் இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது.
காலை ஒன்பதரைக்குத் திறப்பார்கள்.